பின்பக்கத்தில் நான்காவது பெயர்

தன்னாமுனை,
07.06.2010

முகாமையாளர்,
புதிய இணைப்புப் பிரிவு,
மட்டக்களப்பு.

கனம் ஐயா,

விண்ணப்பப் படிவத்தை மீளப் பெறுதல்

தன்னாமுனையில் புதிதாகக் கட்டப்பட்ட எனது வீட்டுக்குத் தொலைபேசியும் இணையமும் பெறுவதற்காக, எனது சகோதரர் தங்கராசா கடந்த மாதம் 28ஆம் திகதி தங்கள் அலுவலகத்தில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தார். அதில் ஒரு பிழை இருப்பதால் அந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்பும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். திருத்தி மறுபடியும் அனுப்புவேன். முக்கியமாகப் பின்பக்கம் வேண்டும்.

மேலும், 2ஆம் திகதி தங்கள் ஆள் ஒருவர் வந்து வீட்டைச் சுற்றி நடந்து, நாடா பிடித்து அளந்து, ஒரு தாளில் வீட்டின் படத்தைக் கீறிக்கொண்டு போனார். பின் அறையைக் கீறி அதற்குள் "பூட்டு" என்று எழுதினார். அந்தத் தாளும் வேண்டும்.

பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். இங்குள்ள உப தபால் கந்தோரில் வைத்திருக்கும்படி உறையின் மேல் எழுதவும். எனது மகள் பள்ளி விட்டு வரும்போது பெற்றுக்கொள்வாள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
வே. கண்ணகை
(வீட்டு உரிமையாளர்)


மட்டக்களப்பு,
10.06.2010

திருமதி வே. கண்ணகை அவர்கட்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டு உரிமையாளர் நான்கு வருடமாகக் குவைத்தில் வேலை செய்வதாகப் படிவத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய கடவுச்சீட்டுப் பிரதியும் அதோடு குத்தப்பட்டிருக்கிறது. அந்தக் கையெழுத்தும் இந்தக் கடிதத்தில் உள்ள கையெழுத்தும் ஒன்றல்ல.

உங்கள் கடிதத்தில் இடப்பக்கம் சிவப்புப் பேனையால் இரட்டைக் கோடு போட்டு ஓரம் விடப்பட்டிருக்கிறது. தலைப்பின் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்திருக்கிறது. வீட்டு வேலைக்குப் போன ஒரு தாய்க்கு இவ்வளவு நேரம் கிடைக்காது.

இதை எழுதியவர் யார் என்று தெரியாமல் இங்கிருந்து ஒரு தாளும் வெளியே போகாது. முகாமையாளருக்கு இதை நான் இன்னும் காட்டவில்லை.

ஸஹீதா
விண்ணப்ப எழுதுவினைஞர்


தன்னாமுனை,
14.06.2010, இரவு

மதிப்புக்குரிய மிஸ்,

மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பெயரில் எழுதியது நான்தான். என் பெயர் கம்சாயினி. பதினோராம் ஆண்டு படிக்கிறேன். மாமாவும் மாமியும் படுத்த பிறகு, போர்வைக்குள் டோச் வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அதனால்தான்.

இணைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மா தன் சம்பளத்தில் கட்டிய இந்த வீட்டை இன்னும் கண்ணால் காணவில்லை. ஓர் ஆள் கையில் லப்டொப் அனுப்பியிருக்கிறார். போன் எடுக்கும்போதெல்லாம் "எப்ப புள்ள உன்ட முகத்தக் காட்டப்போறாய்?" என்று கேட்கிறார். எனக்கும் ஆசைதான்.

படிவத்தின் பின்பக்கத்தில் வீட்டில் இருப்போர் என்று மாமா நான்கு பெயர் எழுதிவிட்டார். மாமா, மாமி சீதேவிப்பிள்ளை, நான். நான்காவதாக லக்ஷன் என்று ஒரு பெயர் இருக்கும். அவன் என் அண்ணன். நாங்கள் முன்பு நாவலடியில் இருந்தோம். சுனாமியில் அப்பாவும் அண்ணனும் போய்விட்டார்கள். மாமாவுக்கு அது இன்னும் மனதில் பதியவில்லை. எந்தப் படிவத்தைக் கண்டாலும் எல்லாப் பெயரையும் எழுதுவார். இறந்த ஆளின் பெயர் இருந்தால் உங்களுக்கும் பிரச்சினை வரும் அல்லவா? ஆகவே அந்தத் தாளைத் தாருங்கள்.

படம் கீறியவர் ஏன் பின் அறையைப் பற்றி மூன்று தடவை கேட்டார்? அங்கே நெல் மூடைதான் கிடக்கிறது.

கம்சாயினி


ஏறாவூர்,
17.06.2010

கம்சாயினிக்கு,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன், அலுவலகத் தாளில் எழுத விருப்பமில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். லக்ஷன், வயது பத்தொன்பது என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் "இணையம் பாவிப்பவர்" என்ற கட்டத்தில் சரி அடையாளமும் போட்டிருக்கிறது. சுனாமி வந்து ஐந்தரை வருடம் ஆகிறது. உன் அண்ணன் அப்போது போயிருந்தால் அவனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதுதான் இருக்க வேண்டும். இறந்தவர்களுக்கு வயது கூடுவதில்லை. இது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

நீ யார் சொல்லி எழுதுகிறாய்? போன வருடம் இப்படித்தான் ஒருவர் கெஞ்சிக் கேட்டு எங்கள் அலுவலகப் பிள்ளை ஒருத்தியிடம் ஒரு வாடிக்கையாளரின் விவரத்தை வாங்கினார். அவளைச் சோதிப்பதற்காகவே அனுப்பப்பட்ட ஆள் அவர். அடுத்த கிழமை அவளுக்கு வேலை இல்லை. சிவப்புக் கோடு, டோச், போர்வை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. நீ உண்மையில் பள்ளிப் பிள்ளைதானா என்றுகூட எனக்குத் தெரியாது.

கோப்புகள் எல்லாம் இந்த மாதம் 30ஆம் திகதி கொழும்புக்குப் போகும். அதற்குள் உன் மாமாவை அடையாள அட்டையோடு வந்து திருத்தச் சொல். அதுதான் ஒழுங்கு.

ஸஹீதா


தன்னாமுனை,
20.06.2010, இரவு

மிஸ்,

உறையில் ஏறாவூர் முத்திரை இருந்தது. அதைக் கண்டதும் உறையைக் கொப்பிக்குள் ஒளித்துவிட்டேன். மாமா படிவம் கொடுத்துவிட்டு வந்த அன்றே மாமி அவரைத் திட்டினார். "மேசையில இருந்தது ஏறாவூர் முஸ்லிம் புள்ள எண்டு சொல்றியள். மறுகா எல்லாப் பேரையும் எழுதிக் குடுத்திட்டு வந்து நிக்கிறியள். உங்களுக்கு மூளை கிடக்கா?" என்றார். "நாலு பேர் இருந்தா நாலு பேர்தான் எழுதணும். முகாமுக்குள்ள ஒரு பேர விட்டதுக்கு என்ன நடந்த எண்டு மறந்திட்டியா?" என்று மாமா கேட்டார்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். சுனாமிக்குப் பிறகு நாங்கள் பள்ளிக்கூட முகாமில் இருந்தபோது மாமா தன் பெயரையே எழுத மறந்துவிட்டார். கூடாரம் போடும் தறப்பாள் ஒன்றும் ஒரு ஆளின் அரிசியும் குறைந்துபோயின. மூன்று மாதம் ஐந்து பேர் நாலு பேரின் சோற்றைத் தின்றோம். அன்றிலிருந்து படிவம் என்றால் ஒரு பெயரையும் விடமாட்டார்.

பிறகு 2007இல் இன்னொரு படிவம் வந்தது. நிவாரணம் என்றுதான் கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். மாமா எல்லாப் பெயரையும் வயதோடு எழுதினார். மூன்றாம் நாள் ஒரு வான் வந்தது. பதினைந்து வயதுக்கு மேல் எந்தெந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வந்தவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அண்ணன் என் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தான். ஒரு சப்பாத்துத்தான் பூசி முடிந்திருந்தது.

முதல் படிவத்தில் எழுதாமல் விட்டோம். இரண்டாவதில் எழுதிவிட்டோம். மாமா முதலாவதை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறார்.

நான் பொய் சொன்னேன். அப்பா போனது உண்மை. அண்ணனுக்கு வயது கூடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் எழுதமாட்டேன், ஏனென்றால் இது என் கையெழுத்து.

மாமாவை அனுப்பமுடியாது. அவர் வந்தால் "ஓம், நாலு பேர்தான், ஒரு பிழையும் இல்ல" என்று உங்கள் முகாமையாளரிடமே சொல்வார்.

கம்சாயினி


ஏறாவூர்,
24.06.2010

கம்சாயினிக்கு,

உன் மாமிக்கு ஏறாவூர் என்றால் பயம். எனக்கும் நான் பயப்படும் ஊர்கள் உண்டு. அவற்றின் பெயரை எழுதினால் உனக்கும் கோபம் வரும்.

1990 ஆவணியில் ஓர் இரவு துப்பாக்கியோடு தமிழ்ப் பொடியன்கள் வந்துபோன பிறகு, எங்கள் வீட்டிலும் ஆட்கள் குறைந்தார்கள். வாப்பாவும் தம்பி அம்ஜத்தும். அவனுக்கு ஒன்பது வயது. இருபது வருடமாக ஒன்பது வயதுதான். வீட்டுக் கணக்கெடுப்பு வந்தாலும், கூப்பன் படிவம் வந்தாலும், உம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்ஜத், ஒம்பது. எழுதினியா மகள்?" என்று கேட்பார். நான் எழுதுவதுபோல் பேனையை அசைப்பேன். உம்மாவுக்கு எழுத்துத் தெரியாது.

உன் அண்ணனைக் கொண்டுபோனது எந்த ஆயுதக் கூட்டம், அங்கே அவன் என்ன செய்தான், எப்படித் தப்பி வந்தான் என்று நான் கேட்கமாட்டேன். கேட்டால் பதில் சொல்வாயோ என்று பயமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கும் தங்கைகள் இருந்திருப்பார்கள். அவர்களும் பின் அறையில் ஒளித்து வைத்து, நெல் மூடை என்று சொல்லியிருப்பார்கள். இதை நினைத்துக்கொண்டு இரண்டு இரவு விழித்துக் கிடந்தேன். உனக்கு உதவ வேண்டும் என்று என் மனம் சொல்லவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

அந்தப் பின்பக்கம் எதற்கு என்று தெரியுமா? இளம் ஆட்கள் இருக்கும் வீட்டில் விலை கூடிய இணையப் பொதியை விற்கலாம் என்பதற்காகத்தான் பெயரும் வயதும் கேட்கிறோம். படம் கீறியவன் பின் அறையைக் கேட்டதும் கம்பி எந்தச் சுவரால் வருவது என்று பார்க்கத்தான். எனக்குத் தெரிந்தது இவ்வளவு. ஆனால் போர் முடிந்து ஒரு வருடமாகியும் இயக்கங்களில் இருந்த பிள்ளைகளை இன்னும் தேடுகிறார்கள், கொழும்புக்குப் போன பிறகு அந்தத் தாள் யார் மேசையில் கிடக்கும் என்று தெரியாது. ஒன்றும் நடக்காது என்று உனக்கு எழுதினால் அது பொய்.

இன்னும் ஒரு முடிவும் எடுக்கவில்லை. எனக்கு எழுதாதே.

ஸஹீதா


தன்னாமுனை,
26.06.2010, இரவு

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். ஏனென்றால் நீங்கள் எங்களை யாரிடமோ காட்டிக்கொடுத்துவிட்டீர்கள்.

இன்று காலை ஓர் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. படலைக்கு வெளியே நின்று, "லக்ஷன் நிக்கிறாரா?" என்று கேட்டார். அந்தப் பெயரை வெளி ஆள் வாயால் கேட்டு மூன்று வருடம்.

"செத்துப் போயிட்டான்" என்றார் மாமி. அதே நேரத்தில் நான், "மண்டூருக்குப் போயிட்டான்" என்றேன்.

அந்த ஆள் சிரித்தார். "செத்தவர் மண்டூரால எப்ப வருவார்?" என்று கேட்டார். பிறகு ஒரு தாளைப் பார்த்து, "லக்ஷன், பத்தொன்பது. இதில கிடக்கே" என்றார். மறுபடியும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் பின் அறைக்கு ஓடியபோது ஜன்னல் திறந்திருந்தது. அண்ணன் உடுக்கும் சாரமும் இல்லை, செருப்பும் இல்லை. வேலிக்குப் பின்னால் வாவிக்கரையில் பக்கத்து வீட்டுத் தோணியைக் காணவில்லை. இப்போது இரவு பதினொரு மணி. தோணியும் வரவில்லை, அவனும் வரவில்லை. அவனுக்கு நீந்தத் தெரியும், ஆனால் சுனாமிக்குப் பிறகு அவன் தண்ணீரில் இறங்கியதே இல்லை.

அம்மா போன் எடுத்தார். "எல்லாரும் சுகமா?" என்று கேட்டார். எல்லாரும் என்று அவர் சொல்வது யாரை என்று எனக்குத் தெரியும். சுகம் என்றேன்.

அந்தப் பெயர் உங்கள் மேசையில் மட்டும்தான் இருந்தது. உங்கள் தம்பிக்காக என் அண்ணனைக் கொடுத்துவிட்டீர்களா?


ஏறாவூர்,
29.06.2010

கம்சாயினிக்கு,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. உன் பகுதிக்குப் போகும் கம்பி வேலைக்காரர் மூலம் இதைத் தபால் கந்தோரில் கொடுக்கச் சொல்கிறேன். ஒட்டி, ஒட்டின் மேல் கையெழுத்து வைத்திருக்கிறேன். கிழிந்திருந்தால் எடுக்காதே.

வந்தவன் வினோஜன். உங்கள் வீட்டைப் படம் கீறியவனும் அவன்தான். மாதக் கடைசியில் இளம் ஆட்களின் பெயர் இருக்கும் வீடுகளுக்குப் போய்ப் பெரிய பொதியை எடுக்கச் சொல்வான். அதற்கான பெயர்ப் பட்டியலை நான்தான் தட்டச்சுச் செய்து கொடுப்பது. இந்த மாதப் பட்டியல் 3ஆம் திகதியே அவன் கைக்குப் போய்விட்டது, நீ முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே. இதை நீ நம்ப வேண்டும் என்று இல்லை.

நேற்று அவன் அலுவலகத்தில் சிரித்துக்கொண்டு சொன்னான்: "தன்னாமுனையில ஒரு வீடு மிஸ். பொடியன் எங்க எண்டு கேட்டா ஒராள் செத்துட்டான் எண்டா, ஒராள் மண்டூர் எண்டா. என்னையக் குடுத்த கடனத் திருப்பிக் கேக்க வந்தவன் எண்டு நினைச்சிட்டாங்க போல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

பிறகு கழிவறைக்குப் போய் நின்றேன். தங்கள் வீட்டு ஆளைப் பற்றி இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு பொய் சொல்லும் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று ஆவணி மாதத்தில் கதவைத் தட்டியவர்களிடம் உம்மா வீட்டில் ஒருவரும் இல்லை என்றார். நான் கட்டிலுக்குக் கீழே இருந்து இருமினேன்.

உன் மாமாவின் தாள் இத்துடன் இருக்கிறது. கோப்பில் புதிய தாள் வைத்துவிட்டேன், அதில் மூன்று பெயர். அவருடைய எழுத்துப்போல் வர ஐந்து தாள் கிழிக்க வேண்டியிருந்தது. நீ உன் அம்மாவாகக் கையெழுத்து வைத்தாய், நான் உன் மாமாவாக வைத்திருக்கிறேன். வீட்டுப் படத்திலும் "பூட்டு" என்றிருந்ததை "நெல்" என்று மாற்றினேன். வினோஜனின் பட்டியல் மாத முடிவில் குப்பைக்குப் போகும். அதை நானே கிழிப்பேன்.

அவன் வந்தானா? ஒரு சொல் எழுது.

ஸஹீதா


தன்னாமுனை,
02.07.2010, இரவு

மிஸ்,

இன்னும் வரவில்லை. தோணி மட்டும் வந்தது, நேற்றுக் காலையில். கயிறு ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. யார் கட்டினார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்கவும் முடியவில்லை.

தாள் கிடைத்தது, ஒட்டு உடையவில்லை. ஆனால் தாளை டோச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூலையில் இரண்டு துளை இருக்கிறது. அது அம்மாவின் கடவுச்சீட்டுப் பிரதியைக் குத்திய இடம். நடுவிலும் நான்கு துளை இருக்கிறது. படிவத்தில் நடுவில் ஒன்றும் குத்துவதில்லை. தாளைக் கழற்றி வேறு எங்கோ குத்தி வைத்திருந்தார்களா? பிரதி எடுத்தார்களா? யாரிடம் காட்டினீர்கள்?

இப்படிக் கேட்பது நன்றி இல்லாத வேலை என்று தெரியும். கேட்காமல் இருக்க முடியவில்லை. உங்கள் பதில் வரும்வரை இதை எரிக்கமாட்டேன்.

கம்சாயினி


ஏறாவூர்,
05.07.2010

தங்கச்சிக்கு,

அலுவலக வாசலில் காவலாளி எங்கள் பையைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் பார்ப்பார். ஹபாயாவைத் திறந்து பார்க்கமாட்டார். உட்பக்கத்தில் நான்கு குண்டூசியால் குத்திக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரமுடியாமல் ஏறாவூர் வரைக்கும் நின்றேன். ஓர் ஊசி வளைந்துவிட்டது. நம்பிக்கை வருவதற்காக அதையும் அனுப்புகிறேன்.

எரி.

ஸஹீதா


தன்னாமுனை,
14.08.2010, இரவு

அன்புள்ள ராத்தா,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் வந்த அன்றே தாளை அடுப்பில் போட்டேன். ஊசி என் கணிதப் பெட்டிக்குள் இருக்கிறது.

வினோஜன் என்பவர் போன வியாழக்கிழமை கம்பி இழுக்க வந்தார். கம்பி பின் அறை ஜன்னலால்தான் வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டே நேராக உள்ளே போனார். நான் அடுப்படியில் நின்றேன். ஓடி அவருக்குப் பின்னால் போனேன். நெல் மூடைக்குப் பக்கத்தில் நின்ற ஆளை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"மண்டூரால வந்தாச்சா?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப இந்த ஏணியப் பிடிங்க. வழுக்குது."

ஒரு மாதம் கழித்து ஓர் இரவில் வாவிக்கரையால் நடந்து திரும்பி வந்திருந்த அண்ணன், ஒரு மணி நேரம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். போகும்போது வினோஜன் தேத்தண்ணீர் குடித்தார், மாமியின் தேத்தண்ணீரில் சீனி போதாது என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அது நல்லதா கெட்டதா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் எழுந்து படலையைப் பார்க்கிறேன்.

அன்று இரவு அம்மா வந்தார். முதலில் முகம் சதுரம் சதுரமாக உடைந்து வந்தது, பிறகு சேர்ந்தது. தலைமுடி நரைத்திருந்தது, அதை எங்களிடம் சொல்லவே இல்லை. வீட்டைக் காட்டச் சொன்னார். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போனேன். சுவரின் நிறம் நினைத்ததைவிடக் கடுமை என்றார். பின் அறைக்குப் போகும் முன்பு ஜன்னலை மூடி, விளக்கைக் குறைத்தேன்.

மாமா எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். "ஒராளும் விடுபடக் கூடாது" என்றார். மாமிக்குக்கூடச் சிரிப்பு வந்தது. அம்மா திரையில் விரலை வைத்து எண்ணினார். விரலின் நுனி பெரிதாகி அவர் முகத்தை மறைத்து மறைத்துப் போனது. நான்காவதில் நின்றது. அங்கேயே வைத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் கோப்பில் மூன்று. எங்கள் வீட்டில் நான்கு. என் கையெழுத்தில் இதை எழுத மாட்டேன் என்று முன்பு சொன்னேன். இப்போது எழுதிவிட்டேன்.

அடுத்த வருடம் குடிசன மதிப்பீடு வரப்போகிறது என்று பள்ளியில் சொன்னார்கள். உங்கள் வீட்டுக்கும் படிவம் வரும். உம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லும்போது பேனையை வெறுமனே அசைக்காதீர்கள் ராத்தா. எழுதுங்கள். அம்ஜத், ஒன்பது. அவனைத் தேடிக்கொண்டு யாரும் மோட்டார் சைக்கிளில் வரமாட்டார்கள்.

கம்சாயினி